ரயிலை விட்டு யார் குதிப்பது?

ஒரே படத்தை இரண்டு கொட்டகைகளில் பார்த்துவிட்டு ஜேம்ஸ் பால்ட்வின் எழுதிய சில பக்கங்கள் இருக்கின்றன. 1976ல் வந்த 'தி டெவில் ஃபைண்ட்ஸ் வொர்க்' என்ற அவருடைய சினிமா நூலில் அவை வருகின்றன. படம், 1958ல் ஸ்டான்லி கிராமர் இயக்கிய 'தி டிஃபயன்ட் ஒன்ஸ்'. அடங்க மறுத்தவர்கள் என்று நம்ம பாஷையில் வைத்துக்கொள்ளலாம். கடைசிக் காட்சியில், ஓடுகிற சரக்கு ரயிலில் கறுப்புக் கைதி ஏறிவிடுகிறான். பின்னால் ஓடிவரும் வெள்ளைக் கைதிக்குக் கை கொடுக்கிறான். அவனால் ஏற முடியவில்லை. பிடித்த கை விடாமல் இரண்டு பேருமே கீழே உருண்டு விழுகிறார்கள். ரயில் போய்விடுகிறது. வெள்ளைத் தாராளவாதிகள் நிரம்பிய கொட்டகையில் இந்தக் காட்சிக்குக் கைதட்டல் கிடைத்ததாம். கறுப்பர்கள் வாழும் ஹார்லெமில் அதே காட்சிக்கு வசவு. முட்டாள் என்று திட்டி, திரும்பவும் ரயிலில் ஏறச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள் என்று பால்ட்வின் சொல்கிறார்.

நம்ம கூட்டங்களில் சாதி கடந்த தோழமை பற்றிப் பேச்சு வந்தால் இந்தப் படத்தை உதாரணம் காட்டுவது மாணவர் தோழர்கள் சிலரிடம் வழக்கமாகிப் போச்சு. ஒருத்தன் கறுப்பு, ஒருத்தன் வெள்ளை, ரெண்டு பேருக்கும் ஒரே சங்கிலி. அடித்துக்கொண்டு கிடந்தவர்கள் கடைசியில் ஒருத்தனுக்காக ஒருத்தன் உயிரையே கொடுக்கத் துணிகிறார்கள். பாத்தீங்களா தோழர், ஒடுக்கப்பட்டவங்க சேர்ந்துட்டா நிறமாவது சாதியாவது என்கிறார்கள். கைதட்டியவர்கள் பக்கமா திட்டியவர்கள் பக்கமா என்று கேட்டால் நான் திட்டியவர்கள் பக்கம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கு. மோசமான படம்னா ரெண்டு வரியில திட்டிட்டுப் போயிடலாம். இது மோசமான படம் இல்லை. அதுதான் சிக்கல்.

அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்று. மழை ராத்திரி. சிறை வண்டிக்குள் நோவா கல்லன் பாடிக்கொண்டு வருகிறான். அந்தப் பாத்திரத்தில் சிட்னி பாய்ட்டியர். சங்கிலியின் மறுமுனையில் ஜாக்சன், வாயை மூடச் சொல்லிக் கத்துகிறான். அது டோனி கர்ட்டிஸ். வண்டி கவிழ்கிறது, பூட்டிய சங்கிலியோடு இருவரும் தப்பி ஓடுகிறார்கள். கறுப்பனையும் வெள்ளையனையும் எதுக்குடா ஒண்ணாப் பூட்டினீங்க என்று ஒருத்தர் கேட்க, சிறை அதிகாரிக்குத் தமாஷ் ஜாஸ்தி என்று பதில் வருகிறது. துரத்திப் போக வேண்டிய ஷெரீஃபுக்கும் அவசரம் இல்லை. ஐந்து மைல் தாண்டுறதுக்குள்ள இவனுங்களே ஒருத்தனை ஒருத்தன் கொன்னுக்குவானுங்க என்று கணக்குப் போடுகிறார்கள். அதிகாரம் எங்கேயும் போடுகிற கணக்கு இது. தென்மாவட்டங்களில் ஒவ்வொரு கலவரத்துக்குப் பின்னும் அமைதிக் கமிட்டி கூட்டி, ஆளுக்கொரு டீ கொடுத்து அனுப்புகிற அதிகாரிகள் முகத்தில் இந்தச் சிறை அதிகாரியின் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன்.

ஓடும் வழியில் இரண்டு பேரும் பேசிக்கொள்கிற இடங்கள் படத்தின் உயிர். ஜாக்சன் ஹோட்டல் வாசலில் கார் நிறுத்தும் வேலை செய்தவன். டிப்ஸ் கொடுப்பவனுக்கு ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லியாக வேண்டும். அந்த நன்றி என்ற சொல் ஊசி மாதிரி அவனைக் குத்துகிறது. கல்லன் குத்தகை விவசாயி. விளைச்சலைக் கொண்டுபோய்ப் போட்டால் எடையில் அடிப்பார்கள். பொண்டாட்டி என்ன சொல்வாள்? அனுசரிச்சுப் போ, நல்லபடியா நடந்துக்கோ. சிறைக்குள் தனிக்கொட்டடியில் போட்டாலும் அவள் சொல்வது அதுதான். பிள்ளைக்கும் அதையே சொல்லி வளர்க்கிறாள். இந்த இடத்தில் பாய்ட்டியர் முகத்தைப் பாருங்கள். நம்ம அம்மாக்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது சொல்லி அனுப்பியதெல்லாம் ஞாபகம் வரும். வாத்தியார் சாதியைச் சொன்னாலும் பேசாம இரு, வாயக் குடுக்காத, படிச்சு முடி. அந்த அம்மாக்களைக் குறை சொல்ல முடியாது. பயத்துக்குக் காரணம் அவங்க இல்லை.

கறுப்பர்களை இழிக்கிற அந்தச் சொல்லைப் பற்றியும் ஒரு தகராறு வருகிறது. ஜாக்சன் அதைச் சர்வசாதாரணமாகச் சொல்கிறான். கல்லன் கோபப்பட, என்னையும்தான் கிழக்கு ஐரோப்பாக்காரன் என்று பட்டப்பேர் வச்சுக் கூப்பிடுறாங்க, நான் என்ன சண்டைக்கா போறேன் என்கிறான். கல்லன் திருப்பிக் கேட்கிற கேள்வி முக்கியமானது. உன் பட்டப்பேரை வச்சுப் பழமொழி இருக்கா? சின்னப் பிள்ளைங்க அதை வச்சுப் பாட்டுப் பாடி விளையாடுதா? ஜாக்சனிடம் பதில் இல்லை. எல்லாச் சாதிக்கும்தான் பட்டப்பேரு இருக்கு, நீங்க மட்டும் ஏன் பெருசா எடுத்துக்கிறீங்க என்று டீக்கடையிலும் ஆபீசிலும் கேட்கிறார்களே, அவர்களுக்கு 1958லேயே பதில் சொல்லியாச்சு. தமிழில் நம்மைக் கேவலப்படுத்துகிற பழமொழிகளைச் சேர்த்தால் தனிப் புத்தகமே போடலாம். பாடப்புத்தகம் வரைக்கும் போயிருக்கு அது.

படத்தின் ஆகச் சிறந்த இடம் அடுத்து வருகிறது. பசி தாங்காமல் ஒரு தொழிலாளர் குடியிருப்பில் கடையை உடைக்கப் போய் இருவரும் மாட்டிக்கொள்கிறார்கள். கூட்டம் கூடிக் கயிற்றை எடுக்கிறது. தூக்கில் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஜாக்சன் அலறுகிறான்: என்னை எப்படித் தூக்குல போடுவீங்க, நான் வெள்ளைக்காரன்! கல்லனோடு சேற்றில் புரண்டவன், ஆற்றில் அடித்துப் போகப்பட்டவன், ஒரே சங்கிலியில் ரத்தம் சிந்தியவன். உயிர் போகிற நேரத்தில் அவன் வாயில் வந்தது நான் மனுசன் என்பதும் இல்லை, நான் நிரபராதி என்பதும் இல்லை. 1955ல் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை மிசிசிப்பியில் அடித்துக் கொன்று ஆற்றில் போட்டார்கள். வெள்ளைக்காரப் பெண்ணிடம் வம்பு பண்ணினான் என்பது குற்றச்சாட்டு. கொன்றவர்களை வெள்ளை ஜூரிகள் விடுதலை செய்தார்கள். படம் வந்தபோது அதற்கு மூன்று வயசு. கயிறு யாருக்காகத் திரித்தது என்பது தியேட்டரில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். ஜாக்சனுக்கும் தெரியும். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் அந்த வசனத்தில் இருக்கிற பயங்கரம். இந்த ஒரு வசனத்துக்காக எழுதியவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கலாம்.

நம்ம ஊரில் குடிசைக்கு ஓலை மாற்ற வழியில்லாத சாதி இந்து ஒருத்தன், பிள்ளைக்குப் பால் வாங்கக் காசில்லாதவன், எந்த வேளையிலும் கையில் வைத்திருக்கிற கடைசிச் சொத்து இந்த வசனம்தான். அடகு வைக்க முடியாத சொத்து. வறுமை அதைத் தொடுவதே இல்லை.

அப்புறம் சங்கிலி அறுகிற இடம். காட்டோரம் ஒரு வீடு. புருசன் விட்டுவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் அவள் மகனும் இருக்கிறார்கள். அங்கே சுத்தியலால் அடித்துச் சங்கிலியை உடைக்கிறார்கள். உடைந்த அன்று ராத்திரியே ஜாக்சனுக்கு அவள் படுக்கை கிடைக்கிறது. மறுநாள் கார் ஏறி இரண்டு பேரும் கிளம்பிவிடுவதாகத் திட்டம். கல்லனுக்கு அவள் தனியே வழி சொல்லி அனுப்புகிறாள், சதுப்புநிலம் வழியாக ரயில் பாதைக்கு. ஜாக்சன் அவனுக்கு விடை கொடுத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே நிற்கிறான். சேர்த்துக் கட்டியது இரும்பு. இரும்பு போனதும் ஒருத்தனுக்கு வீடு, ஒருத்தனுக்குச் சேறு. வர்க்க ஒற்றுமை பற்றி நமக்குப் பாடம் எடுக்கிற தோழர்கள் இந்த ஐந்து நிமிசத்தை மட்டும் தனியாக எடுத்துப் போட்டுக்காட்டினால் போதும். கூலி என்ற சங்கிலி இருக்கிற வரைக்கும் ஒரே வரிசையில் நிற்பார்கள். சாயங்காலம் வரப்பில் இறங்கி நடந்தால் ஒருத்தன் ஊருக்குப் போகிறான், ஒருத்தன் சேரிக்குப் போகிறான்.

அந்தப் பெண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவளுக்குப் பெயர் இல்லை. பில்லியின் அம்மா, அவ்வளவுதான். அவளும் கைவிடப்பட்டவள்தான், வெளியே தள்ளப்பட்டவள்தான். ஆனால் எழுதியவர்கள் அவளுக்குக் கொடுத்தது கறுப்பனைச் சாக அனுப்புகிற வேலை. அவள் காட்டிய வழி புதைசேற்றுக்குப் போகிற வழி. இரண்டு ஆண்களின் நட்பைத் தூக்கிப் பிடிக்க ஒரு பெண்ணைக் குழியில் தள்ளுவது இங்கே மட்டும் நடக்கிறது இல்லை போலிருக்கு. இதைப் பெண் தோழர்கள் யாராவது தனியாக எழுதினால் நல்லது.

உண்மை தெரிந்ததும் ஜாக்சன் அவளை உதறிவிட்டு ஓடுகிறான். அவள் மகன் சுட்ட குண்டு தோளில் பாய்கிறது. ரத்தத்தோடு சேற்றில் இறங்கிக் கல்லனைக் கண்டுபிடிக்கிறான். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வீட்டையும் பெண்ணையும் விட்டு வந்திருக்கிறான், குண்டடி பட்டிருக்கிறான். ஆனால் அவன் வந்து சரிசெய்தது எதை? தன் ஆட்கள் தோண்டிய குழியைத்தான் மூட வந்தான். அதற்கு ஈடாகக் கல்லன் எதைக் கொடுக்கிறான்? விடுதலையையே. குதித்தானா விழுந்தானா என்று சினிமா தெரிந்தவர்கள் வாதாடலாம். கையை விட்டிருக்கலாம், விடலை. அவ்வளவு போதும்.

ஹார்லெம் சனங்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்? ரயில் என்றால் அவர்களுக்கு என்ன என்று தெரிந்தால் இது புரியும். 1910களில் தொடங்கி 1970 வரைக்கும் சுமார் 60 லட்சம் கறுப்பர்கள் தென்மாநிலங்களை விட்டு வடக்கேயும் மேற்கேயும் வெளியேறினார்கள். பருத்திக் காட்டையும் பண்ணையாரையும் தூக்குக் கயிற்றையும் விட்டு ஓடியவர்களில் பெரும்பகுதி ரயிலேறித்தான் போனது. ரயிலில் வேலை பார்த்த கறுப்புச் சிப்பந்திகள் 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகையைத் தெற்கே கொண்டுவந்து பரப்பினார்கள். வடக்கே வேலை இருக்கு, வா என்று அந்தப் பத்திரிகை எழுதியது. முதல் உலகப்போர்க் காலத்தில், கூலிக்கு ஆள் இல்லாமல் போகுதே என்று தெற்கே பல ஊர்களில் போலீஸ் ரயில் நிலையத்துக்கே வந்தது. ஏறிய கறுப்பர்களை இறக்கியது, கைது செய்தது. ஹார்லெம் கொட்டகையில் உட்கார்ந்திருந்த பலருடைய அப்பாவோ பாட்டியோ அப்படி ஒரு ரயிலில் தப்பி வந்தவர்கள்தான். போலீஸ் பிடித்து இழுத்தும் இறங்காத சனம் அது. அவர்கள் முன்னால் திரையில் ஒரு கறுப்பன், யாரும் இழுக்காமலே ரயிலை விடுகிறான். திட்டாமல் என்ன செய்வார்கள்?

நமக்கும் ரயில் தெரியாதது இல்லை. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து கிளம்பி, பங்காரப்பேட்டையில் மாறி, மாரிக்குப்பத்தில் இறங்கி, கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் போன நம்ம பாட்டன்களைக் கேளுங்கள். சுரங்கம் சொர்க்கம் கிடையாது. பாறை சரிந்து செத்தார்கள், தூசி தின்று செத்தார்கள். ஆனாலும் ஆண்டைக்குக் குனிய வேண்டாம், மாதச் சம்பளம் கையில் வரும். அந்த மண்ணில்தான் அயோத்திதாசரின் பௌத்த சங்கக் கிளை வேர்விட்டது, பள்ளிக்கூடம் வந்தது, பத்திரிகை வந்தது. கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் 1948ல் அரசியல் நிர்ணய சபையில் சொன்னதை இங்கே எல்லோரும் படித்திருப்பீர்கள். அதைப் படிக்காமலே ரயிலேறிக் காட்டியவர்கள் நம்மவர்கள். அவர்களிடம் போய், உன்கூட உழுத பக்கத்துத் தெருக்காரன் ஏற முடியாமல் நிற்கிறான், நீயும் இறங்கிடு என்றால் என்ன சொல்லியிருப்பார்கள்?

படத்தை எழுதியவர்கள் யோக்கியமானவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுதிய இருவரில் ஒருவர் நெட்ரிக் யங். இடதுசாரி. 1953ல் அமெரிக்க விரோத நடவடிக்கை விசாரணைக் குழு முன் நிறுத்தப்பட்டபோது பதில் சொல்ல மறுத்தவர். ஹாலிவுட் அவரைக் கறுப்புப் பட்டியலில் போட்டு வேலை இல்லாமல் ஆக்கியது. அதனால் இந்தப் படத்தை நேதன் டக்ளஸ் என்ற பொய்ப் பெயரில் எழுதினார். கிராமர் ஒரு குசும்பு செய்தார். படத்தின் தொடக்கத்தில் சிறை வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர், யங்கும் அவரோடு எழுதிய ஹெரால்ட் ஜேக்கப் ஸ்மித்தும்தான். அவர்கள் முகத்தின் மேலேயே எழுத்தாளர் பெயர் ஓடுகிறது. தடை செய்யப்பட்டவர்களுக்கு ஆஸ்கார் கிடையாது என்று 1957ல் போட்ட விதியை 1959 ஜனவரியில் நீக்கினார்கள். அந்த வருசம் சிறந்த திரைக்கதைக்கான ஆஸ்கார் இவர்களுக்கே போனது.

ஆக, எழுதியவரும் ஒதுக்கப்பட்டவர்தான். தோழர்களைக் காட்டிக்கொடுப்பதற்குப் பதிலாகப் பிழைப்பை இழந்தவர். அவர் வாழ்க்கையில் பார்த்த ஆக உயர்ந்த செயல், இன்னொருத்தனுக்காகத் தன் ரயிலை விடுவது. அதை அப்படியே கதையில் வைத்துவிட்டார். எனக்குப் புரிகிறது, மரியாதையும் இருக்கு. ஆனால் அவர் விட்டது அவருடைய ரயில். கதையில் அவர் விடவைத்தது கல்லனுடைய ரயிலை. வெள்ளை இடதுசாரியின் தியாகத்தைக் கறுப்பன் தலையில் தூக்கி வைத்தால் அதன் பெயர் தியாகமா? வைக்கோல் போரில் படுத்தவன் தனக்குக் குளிரலை என்றால் சரி. பக்கத்தில் வெறுந்தரையில் கிடப்பவனையும் குளிரலைன்னு சொல்லச் சொன்னால் எப்படி?

பால்ட்வின் இன்னும் ஆழமாகப் போகிறார். கறுப்பன் ரயிலை விடுவது வெள்ளைக்காரர்களின் மனசை ஆற்றுவதற்காக என்கிறார். நாங்கள் எவ்வளவு செய்திருந்தாலும் இவன் எங்களை வெறுக்கவில்லை, கடைசியில் மடியில் போட்டுத் தாலாட்டுகிறான் என்ற ஆறுதல் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. நிஜமாகவே, கடைசிச் சட்டகத்தில் குண்டடிபட்ட ஜாக்சனைக் கல்லன் மடியில் சாய்த்துக்கொண்டு, ஆரம்பத்தில் பாடிய அதே பாட்டை உரக்கப் பாடுகிறான். ஷெரீஃப் வந்து நிற்கிறார். அந்தப் பாட்டு, டபிள்யூ. சி. ஹாண்டி இசையமைத்த பழைய பாட்டு. சிறையிலிருந்து ஓடிப்போய்ப் பிடிபடாமலே போன ஒருத்தனைப் பற்றியது. பிடிபட்டவன் வாயில் அதை வைத்தார்கள். பாய்ட்டியர் குரலில் ஒரு ஏளனம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கதைக்குக் கட்டுப்பட்டவர் குரலால் மீறுகிறார். பால்ட்வினும் படத்தைத்தான் அடிக்கிறார். பாய்ட்டியரின் நடிப்பைக் கொண்டாடுகிறார். சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பட்டியலில் கறுப்பு ஆண் ஒருவர் பெயர் வந்தது அந்தப் படத்தோடுதான் முதல் தடவை.

நம்ம சினிமாவில் ஒதுக்கப்பட்ட இரண்டு பேரின் நட்பு என்றால் 2003ல் வந்த பாலாவின் 'பிதாமகன்' நினைவுக்கு வரும். சுடுகாட்டில் வளர்ந்த சித்தன், ஊரை ஏமாற்றிப் பிழைக்கிற சக்தி. இங்கே சாவது மற்றவன், சக்தி. அதனால் கணக்கு வேற மாதிரி தெரியும். ஆனால் பேச்சு யாரிடம் இருக்கிறது பாருங்கள். சக்தி வாய் ஓயாமல் பேசுகிறான். சித்தனுக்குப் பேச்சே கிடையாது, உறுமல்தான். வெட்டியான் வேலை யார் தலையில் கட்டப்பட்ட வேலை என்ற கேள்விக்குள் படம் போகவே இல்லை. விக்ரமுக்குத் தேசிய விருது கொடுத்தார்கள், நன்றாகத்தான் நடித்தார். எனக்குத் தெரிந்த வெட்டியான்கள் நன்றாகப் பேசுவார்கள். சாவு வீட்டுக் கணக்கையும் ஊர்ப் பெரிய மனுசன்களின் யோக்கியதையையும் அவர்கள் பேசக் கேட்கணும். கல்லனுக்காவது பேச்சு இருந்தது, பாட்டு இருந்தது.

சினிமாவை விட்டு வெளியே வருவோம். நான் ஒரு வங்கியில் குமாஸ்தா. ஊதிய ஒப்பந்தப் போராட்டம் வந்தால் எல்லோரும் ஒரே சங்கிலிதான். வாசலில் நின்று கோஷம் போடும்போது என் குரலும் அதில் உண்டு. அப்படி ஒரு சமயத்தில் எங்கள் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்கள் பின்னடைவுப் பணியிடங்களைப் பற்றி ஒரு மனு தயார் செய்தோம். இனச்சுழற்சிப் பதிவேட்டைக் காட்டு என்று கேட்கிற சாதாரண மனு. சங்கத் தலைவர் ஒருவர் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனுசர், பலதடவை சிறைக்குப் போனவர். இப்ப வேணாம் தோழர், ஒற்றுமை குலைஞ்சிடும், நிர்வாகம் நம்மைப் பிரிச்சுடும், ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும் என்றார். ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. மனுவைப் பற்றி அதற்குப் பின் அவர் வாய் திறக்கவில்லை. நாங்கள் தனியாகத்தான் கொடுத்தோம். நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ஒற்றுமைக்காகப் பொதுப் பிரிவு ஊழியர்கள் எந்தக் கோரிக்கையை ஒத்திப் போட்டார்கள் தோழர்? யோசித்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்ப நீங்க நட்பே வேணாம்னு சொல்றீங்களா என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்தப் படத்திலேயே வேறு மாதிரி நட்பும் இருக்கு, கைதட்டியவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. தூக்குக் கயிறு எடுத்த கூட்டத்தில் பெரிய உருவமாக ஒரு வெள்ளைக்காரன் வருவான். லான் சேனி ஜூனியர் நடித்த பிக் சாம். அவன் கூட்டத்தைத் தடுக்கிறான். ராத்திரி தனியாக வந்து கட்டை அறுத்துவிட்டு ஓடுங்கள் என்கிறான். அவன் மணிக்கட்டில் பழைய விலங்குத் தழும்பு இருப்பது அப்போதுதான் தெரிகிறது. கூட வா என்கிறானா? என்னைப் புரிந்துகொள், என் சனத்தை மன்னித்துவிடு என்கிறானா? தன் கூட்டத்துக்குள் நின்றுகொண்டு தன் ஆட்களை எதிர்த்துவிட்டு வழியை விடுகிறான். கதையில் சில நிமிசம்தான் வருகிறான். படத்துக்கு வெளியேயும் ஒரு சங்கதி சொல்வார்கள். அப்போது கர்ட்டிஸ்தான் பெரிய நட்சத்திரம். தன் பெயரோடு பாய்ட்டியர் பெயரும் படத்தலைப்புக்கு மேலே வரணும் என்று அவரே கேட்டாராம். தன் கையில் இருந்ததில் பாதியைக் கொடுத்தார், எதிரே இருந்தவரிடம் எதையும் வாங்கவில்லை.

1946ல் அம்பேத்கர் அமெரிக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினார், டபிள்யூ. ஈ. பி. டூ போய்ஸுக்கு. தேசிய நீக்ரோ காங்கிரஸ் ஐக்கிய நாடுகள் சபைக்கு மனுக் கொடுத்திருப்பதாகப் பத்திரிகையில் படித்தேன், தீண்டப்படாதவர்களும் அப்படிச் செய்ய யோசிக்கிறோம், அந்த மனுவின் பிரதி கிடைக்குமா என்பதுதான் விசயம். டூ போய்ஸ் அனுப்பி வைப்பதாகப் பதில் போட்டார், தீண்டப்படாதவர்கள் மேல் தமக்குள்ள அக்கறையையும் சொன்னார். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. இவர் ரயிலில் இவர், அவர் ரயிலில் அவர். மனு நகல் கை மாறியது. 1972ல் பம்பாயில் தலித் பேந்தர் தொடங்கியவர்கள் ஓக்லாந்தின் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டதும் இந்த வகைத் தோழமைதான்.

மாணவர் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தைக் கல்லூரி அரங்கத்தில் போட்டு, பின்னால் பேராசிரியரைப் பேசவைப்பதை ஒரு தடவையாவது நிறுத்திவையுங்கள். காலனியில், மாரியம்மன் கோயில் திடலில் வேட்டியைக் கட்டிப் போடுங்கள். பக்கத்தில் ஒருத்தர் நின்று வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வரலாம், அதுக்கு ஆள் வேணும்னா நான் வரேன். சம்பளத் தேதி தவிர எந்தச் சனிக்கிழமையும் சரி. ரயில் வருகிற இடத்தில் மட்டும் யாரும் விளக்கம் சொல்லாமல் சும்மா இருங்கள். நூறுநாள் வேலைக்குப் போய்வந்து உட்கார்ந்திருக்கிற ஆயாக்கள் அந்த இடத்தில் என்ன சத்தம் போடுகிறார்கள் என்று சொல் மாறாமல் குறித்து அனுப்புங்கள். அடுத்த இதழில் போடலாம்.